பைக் ஏறிவிடும், உடம்பு ஏற நாளாகும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். லடாக்கின் கணவாய்களில் பார்க்கிற பைக்குகளில் பெரும்பங்குக்கு இந்தத் தாழ்வான மணற்பரப்புதான் பூர்வீகம். இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரிக்க ஆரம்பித்தது. எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் வேண்டும் என்று இந்திய ராணுவம் கேட்டதே அதற்குத் தூண்டுதல். முதலில் உதிரிபாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. ஆக, எல்லைக்குப் போவதற்கென்றே கடற்கரையில் பிறந்த வண்டி அது.

அதே திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். பக்கத்து மணலியில் 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனம் இன்று சி.பி.சி.எல். வடசென்னையிலிருந்து ஒருவர் தனியாக பைக்கில் இமயமலைக்குக் கிளம்பினால், வண்டி, டயர், டாங்கில் இருக்கும் பெட்ரோல் மூன்றும் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் வேர் கொண்டவையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஓட்டுகிறவரையும் சேர்த்தால் நான்கு. நான்குமே 1,013 மில்லிபார் காற்றழுத்தத்துக்குப் பழகியவை. மேலே போனதும் முதல் மூன்றும் சில நிமிடங்களில் புதிய காற்றுக்கு இணங்கிவிடுகின்றன. நான்காவதுக்கு நாள்கணக்கில் ஆகிறது. மலைப்பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

ராயபுரம் கோடவுனில் பஞ்சு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடியில் இருக்கும் மூட்டைதான் அதிகம் நசுங்கும். காற்றும் அப்படியே. மேலிருக்கும் காற்றின் எடை முழுவதையும் கடல் மட்டத்துக் காற்று தாங்குவதால் அது நெருங்கிக் கிடக்கிறது. உயரப் போகப் போகத் தளர்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 3,500 மீட்டரில் உள்ள லே நகரத்தில் 65 சதவீதம். மனாலி–லே சாலையின் உச்சமான டாங்லாங் லா கணவாயில், 5,328 மீட்டரில், பாதிக்குச் சற்றே மேல். ‘மேலே ஆக்சிஜன் குறைவு’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எண்ணூரிலும் டாங்லாங் லாவிலும் ஒரே 21 சதவீதம்தான். ஒரு மூச்சில் உள்ளே வரும் காற்றே பாதியாகிவிடுவதால் ஆக்சிஜனும் பாதியாகிறது. இன்ஜின் இழுக்கும் மூச்சுக்கும் இதே கணக்கு.

பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பழைய புல்லட்டின் கார்பரேட்டர் இந்தக் கலவையைச் சேர்ப்பது வெறும் துளைகளையும் காற்றோட்டத்தையும் வைத்து. குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. காற்றின் அடர்த்தி பாதியானால் உள்ளே போகும் காற்றின் எடையும் பாதியாகும். உறிஞ்சப்படும் பெட்ரோலோ அதே அளவுக்குக் குறையாது. அது அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் 70 சதவீதம் வந்துகொண்டேயிருக்கும். விளைவு, காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோல். சைலன்ஸரில் கரும்புகை வரும், வண்டி இழுக்காமல் திணறும். “பிளக்கு கருத்துப் போச்சுண்ணா, வண்டி பெட்ரோல் ஓவரா குடிக்குது” என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். கார்பரேட்டர் வண்டியில் லடாக் போனவர்கள் சிறிய ஜெட்டைக் கையோடு கொண்டுபோய் வழியில் மாற்றிப் போட்டதற்கும், ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே போனதற்கும் காரணம் இந்த வர்க்கமூலம்.

2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில்கூட முதலில் கார்பரேட்டர்தான் இருந்தது. அடுத்த ஆண்டே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதில் ஒரு சென்சார் உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. சைலன்ஸர் குழாயில் இருக்கும் இன்னொன்று, எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிறது. இரண்டையும் வைத்து ஒரு சிறிய கணினி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் முடிவு செய்கிறது. கணவாய் ஏறும்போதே கலவை சரியாகிவிடுகிறது, ஓட்டுகிறவருக்குத் தெரிவதுகூட இல்லை. சக்தி இழப்பை மட்டும் எந்தக் கணினியாலும் தடுக்க முடியாது. கடல் மட்டத்தில் 40 குதிரைத்திறன் தரும் ஹிமாலயன் 450, டாங்லாங் லாவில் ஏறக்குறைய 20 குதிரைத்திறன்தான் தரும். ஆனாலும் சீராக, புகையில்லாமல், அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும்.

டயரும் சமாளித்துக்கொள்கிறது. அதன் கணக்கு இன்னும் அழகானது. திருவொற்றியூரில் 35 டிகிரி வெயிலில் 32 பி.எஸ்.ஐ காற்று அடிக்கிறோம் என்று வையுங்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் டயருக்குள் இருப்பது 46.7. டாங்லாங் லாவில் வெளிக்காற்று 7.5-ஆக இறங்கிவிடும். வெப்பநிலை மாறாமல் இருந்தால் அதே கேஜ் அங்கே 39-ஐக் காட்டும், டயர் கல்லாகிவிடும். அங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் என்பதால் டயருக்குள் இருக்கும் காற்றும் சுருங்கி 41.4-க்கு வருகிறது. 41.4-லிருந்து 7.5 போனால் 34. உயரம் ஏற்றிவிட்டதைக் குளிர் இறக்கிவிடுகிறது. காற்றை இறக்கிவிடச் சொல்லி யார் அறிவுரை சொன்னாலும், குளிர்ந்த டயரை கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் வால்வில் கை வைக்க வேண்டாம்.

வண்டியில் நான் கவலைப்படும் ஒரே இடம் பிரேக். அதற்கு இமயமலை வரை போக வேண்டியதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் போன விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ, சுமார் 1,200 மீட்டர் இறங்குகிறது. ஈர்ப்பு விசை தரும் ஆற்றல் 35 லட்சம் ஜூல். பதினோரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டு வேகத்தை அடக்காமல் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால், அந்தச் சூட்டில் பெரும்பகுதி இரண்டு தட்டுகளில் இறங்கும். இங்கே வடசென்னைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட்-4 ஆயிலின் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது. நீர் சேர்ந்துவிட்டால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ் உண்டாகும், லீவர் பிடிமானமில்லாமல் உள்ளே போய்விடும். வருஷம் முழுக்கக் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு, மலைக்குக் கிளம்பும் முன் பிரேக் ஆயில் மாற்றுவது டாங்கைத் துடைத்துப் பளபளப்பாக்குவதை விட முக்கியம்.

இனி உடம்பு. இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

‘ஆக்சிஜன் குறைந்தால் வேகமாக மூச்சு விடுவோம், அவ்வளவுதானே’ என்று தோன்றும். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. நம் மூச்சை நிமிடத்துக்கு நிமிடம் ஆள்வது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது கூடினால் மூளைத்தண்டு மூச்சைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும். ஆக்சிஜனைக் கண்காணிக்கும் சிறு முடிச்சுகள் கழுத்தின் இருபுறமும், மூளைக்கு ரத்தம் போகும் தமனி கிளை பிரியும் இடத்தில் இருக்கின்றன. மேலே போனதும் அவை ‘வேகமாக மூச்சு விடு’ என்று கத்துகின்றன. வேகமாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியே அடித்துப் போகப்பட்டு ரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளைத்தண்டு ‘போதும், நிறுத்து’ என்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு எதிரெதிர் உத்தரவுகள். இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தின் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. மலைக்குப் போனவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் அது நல்ல அறிகுறி. இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாட்களாவது வேண்டும். கூடுதல் சிவப்பணுக்கள் உருவாவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இன்ஜெக்டர் மில்லிசெகண்டில் செய்வதைச் சிறுநீரகம் நாட்களில் செய்கிறது.

லே போகும் சாலை தொடங்கும் மனாலி 2,050 மீட்டரில் இருக்கிறது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயில் வண்டி ஊர்ந்த நேரம் மிச்சமாகிவிட்டது. காலையில் மனாலியில் கிளம்பியவர் பாராலாச்சா லா கணவாயையும் தாண்டி மாலைக்குள் சர்ச்சுவில் கூடாரம் அடித்துவிடலாம். சர்ச்சுவின் உயரம் 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி, கடற்கரைக் காற்றில் 59 சதவீதம் மட்டுமே உள்ள இடத்தில் படுத்துறங்குவது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே உறங்குமிடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது உயரமலை மருத்துவத்தின் அடிப்படை விதி. இந்திய ராணுவம் தன் வீரர்களை உயரமலைப் பகுதிகளுக்கு அனுப்பும்போது முதல் கட்டத்தில் ஆறு நாள், அடுத்த இரண்டு கட்டங்களில் நான்கு நான்கு நாள் எனப் பழக்குகிறது. பயிற்சி பெற்ற உடம்புக்கே இத்தனை நாள். லீவு முடிவதற்குள் திரும்ப வேண்டிய பைக் பயணி அதை ஒரே பகலில் தாண்டப் பார்க்கிறார், வண்டியும் அவருக்கு ஒத்துழைக்கிறது.

1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்ட இளம் வீரர்கள், குண்டடி படாமலேயே நுரையீரலில் நீர் கோத்துச் சரிந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை, உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கும் ஆவணம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. சில இடங்களில் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் இறுகுவதால், திறந்திருக்கும் குழாய்களில் அழுத்தம் எகிறி, நீர் காற்றுப்பைகளுக்குள் கசிகிறது. கட்டுமஸ்தான உடம்பு இதிலிருந்து காப்பாற்றாது. ஜிம்முக்குப் போகிறவர், பந்தயத்தில் ஓடுகிறவர் என்ற பேதம் இதற்குக் கிடையாது.

கூடாரத்துக்குள் முதல் இரவு எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தெரியாமல் தனியாகப் படுத்திருப்பவர் அரண்டுவிடுவார். கண்ணயர்ந்ததும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, பிறகு மெலிந்து, அடியோடு நின்றுவிடும். பத்து விநாடி, சில நேரம் அதற்கும் மேல். பிறகு ஒரே இழுப்பாகப் பெருமூச்சு வந்து திடுக்கென்று விழிப்பு தட்டும். யாரோ மார்பில் உட்கார்ந்திருந்ததுபோல ஓர் உணர்வு. மேலே சொன்ன இரு உத்தரவுகளின் சண்டையே இது. விழித்திருக்கும்போது விருப்பத்தோடும் மூச்சு விடுகிறோம். தூக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததும் மூளைத்தண்டு மூச்சை நிறுத்துகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் கழுத்து முடிச்சுகள் அலறி மறுபடி தொடங்கிவைக்கின்றன. இத்தாலிய உடலியலாளர் ஆஞ்சலோ மொஸ்ஸோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோன்தே ரோசா மலையில் இதைப் பதிவு செய்தார். பெரும்பாலும் இதனால் ஆபத்தில்லை. தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொண்டு இதை அடக்கப் பார்ப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அவை மூச்சையே மந்தமாக்கும்.

குளிரும் வேறு வகை. ராயபுரத்தில் இரவு பகலை விட அவ்வளவாகக் குளிர்வதில்லை. காற்றிலுள்ள நீராவி, தரை வெளிவிடும் அகச்சிவப்பு வெப்பத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. சர்ச்சுவின் வறண்ட, மெல்லிய காற்றில் அந்த மூடி இல்லை. மேகமற்ற இரவில் தரை நேரடியாக விண்வெளிக்கு வெப்பத்தை இழக்கிறது. எல்லோரும் மேலே போர்த்துவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். உடம்பின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது கீழே இருக்கும் மண். படுத்ததும் முதுகுப்பக்கத்து ஸ்லீப்பிங் பேக் நசுங்கி அதிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது, காற்று போனால் காப்பும் போயிற்று. நசுங்காத நுரைப்பாய் ஒன்று கூடுதல் போர்வை இரண்டுக்குச் சமம். கூடாரத்தின் காற்றுத்துளையைக் குளிருக்குப் பயந்து அடைக்கக் கூடாது. அடைத்தால் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் துணியில் படிந்து, விடியலில் பனித்தூளாக முகத்தில் கொட்டும். உள்ளே அடுப்போ கரியோ எரிப்பது அதைவிடக் கொடுமை. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் ரத்தத்தில் அது நுழைந்தால், தூக்கத்திலிருந்து எழுவதற்கே வழியில்லை.

தனியாகப் போகிறவருக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்து உண்டு. ஆக்சிஜன் குறையும்போது முதலில் மழுங்குவது, ‘எனக்கு ஏதோ சரியில்லை’ என்று கண்டுகொள்ளும் திறன். 1875 ஏப்ரலில் பிரான்சில் ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள். ஆக்சிஜன் பைகளும் உடன் இருந்தன. 8,000 மீட்டர் உயரத்தைத் தொட்டபோது கைகள் அசையவில்லை, பையின் குழாயை எட்டிப் பிடிக்க முடியவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்த காஸ்தோன் திசாந்தியே, அந்த நேரத்தில் தமக்கு வலியோ பயமோ தோன்றவில்லை, ஒருவித ஆனந்தமே இருந்தது என்று பின்னர் எழுதினார். சர்ச்சு அத்தனை உயரமில்லை. ஆனால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தவரைக் கூட இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவருக்கு அந்தக் கண் இல்லை. அதனால் முடிவுகளை மேலே போய் எடுக்கக் கூடாது, கீழேயே எழுதி வைத்துவிட வேண்டும். தலைவலி இருந்தால் ஏறுவதில்லை. ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டிவைத்து ஒரு கோட்டில் நடந்து பார்த்து, கால் தடுமாறினால் அது மூளை வீக்கத்தின் அறிகுறி என்று கொண்டு, நேரம் பார்க்காமல் உடனே உதவி கேட்க வேண்டும். பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும் என்பதையும் வீட்டில் இருக்கும்போதே கவனிக்க வேண்டும்.

மலைநோய்க்கு நிச்சயமான மருந்து இறங்குவது. 500-லிருந்து 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். சர்ச்சுவின் கொடுமை என்னவென்றால், அங்கிருந்து இறங்க வழியில்லை. தெற்கே மனாலிக்குத் திரும்ப 4,890 மீட்டர் பாராலாச்சா லாவைத் தாண்ட வேண்டும். வடக்கே லே போக நகீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா, பிறகு டாங்லாங் லா. இரண்டு பக்கமும் முதலில் ஏறினால்தான் இறக்கம். நுரையீரலில் நீர் கோத்தவர், அதுவும் தனியாக, தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தைக் கடப்பது நடக்கிற காரியமில்லை.

ஸ்ரீநகர் வழியில் இந்தப் பொறி இல்லை. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனாமார்க் 2,740. சோஜி லா கணவாய் 3,528 மீட்டர், ஆனால் அங்கே உறங்குவதில்லை, தாண்டி 2,676 மீட்டர் கார்கிலுக்கு இறங்கிவிடலாம். பிறகு லே. அங்கே இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தபின், டாங்லாங் லா வழியாக மனாலிக்குத் திரும்பினால், சர்ச்சு இரவு வரும்போது சிறுநீரகம் தன் வேலையை முடித்திருக்கும். மனாலி வழியாகத்தான் ஏற வேண்டும் என்கிறவர்கள் சுரங்கம் தாண்டியதும் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் நிறுத்தி இரண்டு இரவு தங்கலாம். அங்கிருந்து சர்ச்சுவில் உறங்காமல், விடியலில் கிளம்பி ஒரே பகலில் லே சேர்வது நீண்ட, களைப்பான ஓட்டம். முடியாதவர்கள் ஸ்ரீநகர் பக்கம் போவதே மேல். சென்னையிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தாலும் சரி, சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் டாங்கைக் காலி செய்து சாக்கு கட்டி ரயிலில் ஏற்றிவிட்டு வந்தாலும் சரி, விடுப்புக் கணக்கில் அந்த மூன்று நாளை முதலில் எழுதிவிட்டு மீதியைத் திட்டமிடுங்கள்.